ஈயச் சொம்பு ரசமும் இரண்டு வயதுக் குழந்தையும்

மாமியார் தந்த ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா, வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். நம் பாட்டிமார் புழங்கியது வெள்ளீயம் (டின்), அதனால் பயமில்லை. சிக்கல், அதில் கலப்படமாகச் சேரும் காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம். புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். உடலுக்குள் போன காரீயம், கால்சியம் போல வேடமிட்டு மூளைக்குள் நுழைந்து, நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதையே குலைக்கும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் அதை 4, 5 மடங்கு உறிஞ்சும். சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்த்தோ தேய்த்தோ கண்டுபிடிக்க முடியாது. பரிசோதிக்காத சொம்பு என்றால் பரணில் ஏற்றிவிடுங்கள் (மாமியாரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு!). அப்புறம், குழந்தைக்கு ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சொம்பைப் பரிசோதிக்கும்வரை ரசத்துக்கு எவர்சில்வர் போதும்.