கௌச்சோ சுதந்திரமானவனா? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் பூரா யூட்யூப்ல அர்ஜென்டினா நாட்டுப்புறப் பாட்டா கேட்டுட்டு இருந்தேன். மொழி தெரியாது, சப்டைட்டில் புண்ணியம். எதப் போட்டாலும் கௌச்சோ, குதிரை, புல்வெளி, சுதந்திரம். நிஜமாவே அப்படி வாழ்ந்தாங்களா, இல்ல சினிமா கௌபாய் மாதிரி கட்டிவிட்ட கதையா?

– திண்டுக்கல் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முழுசா கட்டுக்கதைன்னு சொல்ல மாட்டேன். பாம்பாஸ் புல்வெளில வேலியே இல்லாத காலத்துல, யாருக்கும் சொந்தமில்லாத மாட்டப் புடிச்சு, கறிய சுட்டுத் தின்னு, தோல வித்துட்டு, போய்ட்டே இருந்த குதிரைக்காரன்தான் கௌச்சோ. ஆனா அந்த வாழ்க்கைக்கு ரொம்ப சீக்கிரமே ஆப்பு வச்சுட்டாங்க. 1815லயே பியூனஸ் அயர்ஸ் பக்கம் ஒரு உத்தரவு, சொத்து இல்லாதவன் எவன்கிட்டயாவது வேலை பாக்குறேன்னு சீட்டு வச்சிருக்கணும், சீட்டு இல்லன்னா நாடோடின்னு சொல்லி பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் கம்பி வேலி வேற வந்துச்சு. சர்மியென்டோன்னு ஒரு அரசியல்வாதி 1861ல ஒரு கடிதத்துல எழுதுறாரு, கௌச்சோ ரத்தத்த மிச்சம் புடிக்காதீங்கன்னு. ஏழு வருஷத்துல அவரே ஜனாதிபதி!

நீங்க கேட்ட பாட்டெல்லாத்துக்கும் தாய் மாதிரி ஒரு நெடுங்கவிதை இருக்கு, ஹோசே ஹெர்னாண்டஸ் 1872ல போட்ட மார்ட்டின் ஃபியர்ரோ. ஆரம்பத்துல கிட்டார எடுத்துட்டு உக்காந்து, பறவை மாதிரி சுதந்திரமா வாழுறதுதான் என் பெருமைன்னு பாடுறான், அடுத்து பாடுறது பூரா அத எப்படிப் புடுங்குனாங்கன்னுதான். எல்லைக் கோட்டைக்குப் பிடிச்சுட்டுப் போறாங்க, சம்பளம் கிடையாது, தப்பிச்சு ஊருக்கு வந்தா குடிசை பாழாக் கெடக்கு, பொண்டாட்டி புள்ளைங்கள காணோம். என்னக் கேட்டா இது சுதந்திரப் பாட்டே இல்ல, ஒப்பாரி.

இதுல எனக்கு எரிச்சல் வர்ற இடம் என்னன்னா, 1913ல கவிஞர் லுகோனஸ் பியூனஸ் அயர்ஸ் தியேட்டர்ல தொடர் சொற்பொழிவு நடத்தி, இந்தக் கவிதைதான் நம்ம தேசிய காவியம்னு அறிவிக்கிறாரு, கேக்க வந்ததுல ஜனாதிபதியும் உண்டு. இத்தாலில இருந்தும் ஸ்பெயின்ல இருந்தும் கப்பல் கப்பலா ஜனங்க வந்து எறங்குன நேரம், ‘அசல் அர்ஜென்டினாக்காரன்’ ஒருத்தன் தேவைப்பட்டான். அவன் திரிஞ்ச நெலமெல்லாம் பண்ணைக்காரன் கைக்குப் போனப்புறம் அவனுக்கு மால போட யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க.

அதனாலதான் அட்டாஹுவல்பா யுபாங்கிங்கிற நாட்டுப்புறப் பாடகர கேளுங்கன்னு சொல்றேன். இடது கைல கிட்டார் வாசிச்ச மனுஷன். மாடு ஓட்டிட்டுப் போற ஒருத்தனப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, அதுல வர்ற ஒரு வரியோட அர்த்தம்: கவலையெல்லாம் நம்மளது, மாடு அடுத்தவனது.

பி.கு: ரெண்டு பேர் கிட்டாரோட உக்காந்து அப்பப்பவே வரி கட்டி மோதுற ‘பாயாடா’வும் தேடிப் பாருங்க, நம்ம எசப்பாட்டு மாதிரிதான். அதுல பெரிய பேரு கபினோ எசெய்சா, ஆப்பிரிக்க வம்சாவளி. 1884ல அவரு பாடி ஜெயிச்ச ஜூலை 23தான் இன்னைக்கும் அங்க அந்தப் பாடகர்களோட நாள்.