விதையா, தானியமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரு நாடு ஆராய்ந்து அனுமதித்த பயிரை இன்னொரு நாடு தடுக்கிறது. மூன்றாவது நாடு, பொட்டலத்தில் அச்சிட்டால் போதும் என்கிறது. அறிவியல் எல்லோருக்கும் ஒன்றுதானே? ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் ஒரே அமைப்பு ஒருமுறை சோதித்து முடிவைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் தீராதா? சர்வதேசச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

கோகிலா

அன்புள்ள கோகிலா,

இருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வேலையை அது செய்வதில்லை. செய்யவும் கூடாது என்பதே என் எண்ணம்.

கார்டஹேனா உயிரிப் பாதுகாப்பு நெறிமுறை என்று அதற்குப் பெயர். 1992-இன் உயிர்ப் பன்முகத்தன்மை உடன்படிக்கையிலிருந்து கிளைத்தது. 1999-இல் கொலம்பியாவின் கார்டஹேனா நகரில் அதை முடித்துவிட முயன்றார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, சிலி, உருகுவே ஆகிய ஆறு ஏற்றுமதி நாடுகள் எதிர்த்து ஓரணியில் நின்றன, பேச்சு முறிந்தது. மறு ஆண்டு மாண்ட்ரியலில் ஒருவழியாக நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். அந்த ஆறில் முதல் நான்கும் இன்றுவரை சேரவில்லை.

எந்த விதை நல்லது, எது கெட்டது என்று இந்த நெறிமுறை தீர்ப்புச் சொல்வதில்லை. என் மண்ணில் விதைப்பதற்குமுன் என்னைக் கேள் என்று சொல்லும் உரிமையை அது நாடுகளுக்குத் தருகிறது. விதைப்பதற்கான புதிய மரபணு மாற்று விதையை முதல்முறை அனுப்புமுன் முறையாக அறிவிக்க வேண்டும். பெறும் நாடு ஆபத்தை மதிப்பிட்டு முடிவெடுக்க 270 நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. போதிய அறிவியல் உறுதி இல்லாத நிலையிலும் மறுக்கலாம். பத்தாவது பிரிவில் இருக்கும் இந்தக் கடைசி வரிதான் அதன் உயிர்நாடி என்று நினைக்கிறேன்.

ஓட்டை எங்கே என்றால், இந்த முன் ஒப்புதல் விதைப்பதற்கென்று வரும் விதைக்கு மட்டும்தான். உணவுக்கும் தீவனத்துக்கும் கப்பல் கப்பலாகப் போகும் தானியத்துக்கு ஒரு பொதுத் தகவல் தளத்தில் அறிவிப்பு, கூடவே ‘இதில் மரபணு மாற்றப்பட்டது இருக்கலாம்’ என்று சொல்லும் ஆவணம், அவ்வளவுதான். மூட்டையில் இருக்கும் மக்காச்சோளத்துக்கு அது உணவாக வந்ததா, விதையாக வந்ததா என்று தெரியாது. ஈரமண்ணில் விழுந்தால் முளைக்கும்.

2002-இல் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வறட்சி. அமெரிக்காவிலிருந்து வந்த உதவி மக்காச்சோளத்தில் மரபணு மாற்றப்பட்டதும் கலந்திருந்தது. சாம்பியா அதை அடியோடு மறுத்தது. ஜிம்பாப்வேயும் மொசாம்பிக்கும் மலாவியும் அரைத்துத் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றன. பசித்தவர்களின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குகிறார்கள் என்று அன்று எழுந்த குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, பசி உண்மையாகவே இருந்தது. ஆனால் அரைத்துத் தரச் சொன்னதில் இருந்த தெளிவைக் கவனியுங்கள். உதவியாக வந்ததில் ஒரு கைப்பிடியை அடுத்த மழைக்கென்று எடுத்துவைப்பது விவசாயிக்கு இயல்பு. மக்காச்சோளத்தின் மகரந்தமோ காற்றில் போவது, பக்கத்து வயலை அது கேட்டுக்கொண்டு போகாது. மாவு முளைக்காது. சாப்பிடுகிறோம், விதைக்க மாட்டோம் என்ற முடிவைச் செயலில் காட்ட அதைவிட நேரான வழி கிடையாது.

அறிவியல் ஒன்றுதானே என்ற உங்கள் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒரு புதிய புரதம் ஒவ்வாமை தருமா, நஞ்சாகுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே விடைதான். அதற்கான பொது நெறிகளை, உணவுக்கான சர்வதேசத் தரங்களை நிர்ணயிக்கும் கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் அமைப்பு 2003-லேயே வகுத்துவிட்டது. அந்தப் பாதியில் உங்கள் ஆசை ஓரளவு நிறைவேறியிருக்கிறது. ஆனால் அதே பயிர் வயலில் என்ன செய்யும் என்பது வயலைப் பொறுத்தது. மெக்சிகோ மக்காச்சோளத்தின் பிறப்பிடம். அதன் காட்டு உறவான தியோசின்ட்டேயும் எத்தனையோ நாட்டு ரகங்களும் அங்கே இன்றும் வளர்கின்றன. அந்த உறவுகளே இல்லாத ஒரு நாட்டில் நடந்த வயல்சோதனை மெக்சிகோவுக்கு என்ன சொல்லிவிட முடியும்?

குழப்பம் என்று நீங்கள் சொல்வதை ஓரிடத்தில் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பா அனுமதிகளை இழுத்தடிக்கிறது என்று அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா மூன்றும் 2003-இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. காரணமற்ற தாமதம் நடந்தது, சில நாடுகளின் தடைகளுக்கு முறையான ஆபத்து மதிப்பீடு இல்லை என்று 2006-இல் தீர்ப்பு வந்தது. மரபணு மாற்றுப் பயிர்கள் பாதுகாப்பானவை என்று உலக அமைப்பே சொல்லிவிட்டது என இதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது தவறு, அந்தக் கேள்விக்குள் போகவில்லை என்று நடுவர் குழுவே எழுதியிருக்கிறது. கார்டஹேனா நெறிமுறை உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவதல்ல என்பதால், அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஆக, ஒரு சட்டம் தந்த உரிமையை இன்னொரு சட்டத்தின் மன்றம் கண்டுகொள்ளவில்லை. இரண்டிலும் உறுப்பினராக இருக்கும் ஏழை நாடு எந்தத் துணிச்சலில் மறுக்கும்?

மறுக்கும் உரிமை இருந்தாலும் துறைமுகத்தில் ஆய்வகம் இல்லாவிட்டால் அது காகிதத்தோடு சரி. 2006-இல் அமெரிக்காவின் நீள அரிசியில், விற்பனைக்கு அனுமதியே பெறாத ஒரு சோதனை ரகம் கலந்திருந்தது தெரியவந்தது. வயல்சோதனை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நாட்டு நெல் விவசாயிகள் வழக்காடி, 2011-இல் 75 கோடி டாலர் வரை இழப்பீடு தரும் உடன்பாடு ஏற்பட்டது. இறக்குமதி செய்யும் நாட்டின் வயல்களில் இப்படி நேர்ந்தால் யார் பொறுப்பு? அதற்காக 2010-இல் உருவான நாகோயா–கோலாலம்பூர் துணை நெறிமுறை 2018-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தாய் நெறிமுறையில் இருக்கும் நாடுகளிலேயே பெரும்பாலானவை அதில் இன்னும் சேரவில்லை.

அதனால் ஒரே உலக அமைப்பைவிட முதலில் கேட்க வேண்டியவை வேறு. வெளியில் வயல்சோதனைக்குப் போகும் ஒவ்வொரு ரகத்துக்கும், அதை உருவாக்கியவர்கள் அதைக் கண்டறியும் சோதனை முறையை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். சொந்தமாக ஆய்வகம் வைக்க முடியாத நாடுகளுக்கு வட்டாரப் பொது ஆய்வகங்கள் வேண்டும். உங்கள் நாடு துணை நெறிமுறையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிக் கேளுங்கள்.

அன்புடன்.