மழை குறையவில்லை, ஓடை மட்டும் மெலிகிறதே?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட் போடுகிறேன். மேலே சோலையிலிருந்து வரும் ஓடைதான் பாசனம். முன்பெல்லாம் ஏப்ரல் வரை ஓடும். இப்போது பிப்ரவரி கடைசியிலேயே நூல் மாதிரி ஆகிவிடுகிறது. மழை வழக்கம்போலத்தான் பெய்கிறது. பாசனத்தை நம்பிப் போடும் நீர்போகத்தை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், பரப்பைக் குறையுங்கள்.

மழையில் காற்றும் செடிகொடியும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் ஊற்றுக்கு. பேச்சுக்கு, 1,500 மி.மீ. மழையில் 1,000 ஆவியாகி, 500 ஓடைக்கு வருகிறது என்று வையுங்கள். வெப்பம் ஏறி, ஆவியாவது 5 சதவீதம் கூடினால் 50 மி.மீ. போகும். மழைக் கணக்கில் அது சில்லறை. ஓடைக்குப் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 9 சதவீத நீர் குறைவதாக 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே பனிமலை, அந்த எண் நமக்குப் பொருந்தாது. ஆனால் போகிற வழி ஒன்றுதான்.

எல்லாப் பழியையும் வெயில்மேல் போட முடியாது. ஊற்றுக்கு மேலே கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகை மரமோ (வாட்டில்) இருக்கிறதா, பாருங்கள். நம் நீலகிரியின் கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் வைத்துப் பார்த்த ஆய்வில், நட்டு வெட்டும் முதல் சுற்றிலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. ஊற்றுக்கண்ணை ஒட்டிய சதுப்பை வடித்துத் தோட்டமாக்கியிருந்தால் அதுவும் காரணம்தான்.

சரி, இந்தப் போகத்துக்கு என்ன செய்வது? டிசம்பர் முதல் வாரமே விதையுங்கள். கிழங்கு பருக்கும் நாட்களில் பெரும்பகுதி பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் காயவிட்டுப் பிறகு மொத்தமாகத் தண்ணீர் விட்டால் கிழங்கு வெடிக்கும். களையெடுத்து, நெருக்கமான செடிகளைக் கலைத்ததும் வரிசைகளுக்கு நடுவே காய்ந்த புல்லைப் பரப்புங்கள். ஸ்பிரிங்க்ளரை விடியற்காலையில் ஓட்டுங்கள். உச்சிவெயிலில் ஒரு பகுதி காற்றோடு போகும்; அந்தியில் ஓட்டினால் இலை இரவெல்லாம் ஈரமாக இருந்து கருகல் வரும்.

விதைக்கும் முன் ஓடைக் குழாயில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நாளுக்கு 28,800 லிட்டர். வெயில் நாளில் கேரட்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 16,000 லிட்டர் வேண்டும். போகப்போக வரத்து குறையும் என்பதால், இரவு நீரைத் தேக்கத் தொட்டி இருந்தால் ஓர் ஏக்கர் போடலாம். பக்கெட் நிறைய இரண்டு நிமிடம் ஆனால் அரை ஏக்கரோடு நிறுத்துங்கள்.