சேலத்தில் பழைய கார் வாங்கப் போகிறேன், விலையை எப்படிப் பேசுவது, பணத்தை எப்படிக் கொடுப்பது?

கேள்வியில் உள்ள விவரம் இது: 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், டிஎன் 30 பதிவு, ஓனர் சொல்லும் விலை 4.75 லட்சம், பைனான்ஸில் இன்னும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் பாக்கி, மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கேட்கிறார்.

விலையை விட உறுத்துவது கடைசி இரண்டும்தான். விலையில் பத்தாயிரம் முன்னே பின்னே போனால் தாங்கிக்கொள்ளலாம். பணம் போய்விட்டு ஆர்.சி. பெயர் மாறாமல் நின்றுவிட்டால், வண்டி உங்கள் வாசலில் இருக்கும், ஓனர்ஷிப் அவரிடமே இருக்கும். ஆகவே எவ்வளவு என்பதையும் எப்படிக் கொடுப்பது என்பதையும் ஒரே உட்காரலில் பேசி முடியுங்கள். விலை படிந்த பிறகு நிபந்தனையைத் தனியாக எடுத்தால், "என்னங்க, இப்ப வந்து புதுசா சொல்றீங்க" என்றுதான் பதில் வரும்.

பேரத்துக்கு முன்பே வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், ஹெச்.பி. (கடன் கொடுத்தவருக்கு வண்டி மீது உள்ள பிடிமானம்) யார் பெயரில், இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். இ-செலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள். இன்னொன்று, டி-போர்டாக ஓடிய டாக்சியை ஓன் போர்டாக மாற்றி விற்பதும் உண்டு. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு மார்க்கெட் விலை பேசவே கூடாது, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

டெஸ்ட் டிரைவுக்குச் சேலம்காரர்களுக்கு வாய்த்த வசதி ஏற்காடு மலைப்பாதை. ஊருக்குள் ஐந்து ரோடு சந்திப்பைச் சுற்றி ஓட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கூட்டமில்லாத ஒரு வேலைநாள் காலையில் நான்கு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறினாலே போதும். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி இழுக்காவிட்டால் க்ளட்ச் நழுவுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டினால் ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் இவற்றில் ஏதோ ஒன்று, இல்லையென்றால் அதைவிடப் பெரிய செலவான ஹெட் கேஸ்கெட்.

இறங்கும்போது பார்ப்பதுதான் இன்னும் முக்கியம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே ஓரிரு நிமிடம் இறங்குங்கள். சமதளம் வந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்திப் பின் கண்ணாடியைப் பாருங்கள். குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு சீல் அல்லது ரிங் வழியாக ஆயில் எரிகிறது. பிரேக் மிதிக்கையில் ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கலாம். ஏற்காட்டிலேயே இருந்த வண்டி என்றால் கிலோமீட்டர் குறைவு என்பதை வைத்து மயங்க வேண்டாம். அங்கே க்ளட்சும் பிரேக்கும் கிலோமீட்டர் கணக்குக்கு முன்பே தேயும். பனியிலும் ஈரத்திலும் கதவின் கீழ் ஓரம் துரு பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. முந்தைய ஓனர் அந்தப் பக்கத்துக்காரர் என்றால் இதை விட்டுவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது. டிரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அது மாற்ற வேண்டிய டயர்தான்.

இனி விலை. அதே மாடல், அதே வருடம், அதே வேரியன்ட் வண்டிகளின் நான்கைந்து விளம்பரங்களை எடுத்து நடுவிலை பாருங்கள். 4.60 என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து, வாங்கியதும் உங்கள் கையிலிருந்து போகப்போகும் காசைக் கழியுங்கள். உதாரணத்துக்கு நான்கு டயர் 18,000, க்ளட்ச் வேலை கூலியோடு 12,000, முடியப்போகும் இன்சூரன்ஸ் 14,000, செலான் பாக்கி 2,000. மொத்தம் 46,000. ஆக இந்த வண்டி உங்களுக்கு 4.14. உங்கள் மெக்கானிக் தரும் எஸ்டிமேட்டை வைத்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஓனர் முன்னால் வையுங்கள். வாய்வார்த்தையாக "ரொம்ப ஜாஸ்திங்க" என்றால் அவரும் வாய்வார்த்தையாக மறுப்பார். சீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய பில்லைக் காட்டி "இவ்வளவுக்கு வாங்கினேன்" என்பவரிடம், அதே மாடல் இன்றைக்குப் புதிதாக என்ன விலை என்று ஷோரூமில் கேட்டு வைத்ததைச் சொல்லுங்கள். பழைய வண்டி விலை பேசுவது புது வண்டியின் இன்றைய விலையிலிருந்துதான்.

"4 ரூபாய்க்கு முடிச்சுக்கலாங்களாண்ணா? டயரும் க்ளட்சும் நான் பாத்துக்கறேன்" என்று தொடங்கினால் 4.15 அல்லது 4.20-ல் நிற்க வாய்ப்புண்டு. புரோக்கர் நடுவில் இருந்தால் கமிஷன் யார், எவ்வளவு தருவது என்பதை முதலிலேயே கேளுங்கள். விலையை மட்டும் ஓனர் வாயால் கேளுங்கள். புரோக்கர் வாயால் கேட்டால், அவர் தன் லாபத்தை மேலே வைத்துச் சொல்லக்கூடும். பெங்களூர் வண்டி மலிவு என்று யாராவது கேஏ நம்பரைக் காட்டினால், அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவு பெரும்பாலும் ஓமலூர் டோல்கேட் தாண்டுவதற்குள் கரைந்துவிடும்.

ரொக்கம் பற்றி: ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகையை அபராதமாகப் போட வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. மாட்டுவது அவர்தான். இதைப் பக்குவமாகச் சொன்னாலே முக்கால்வாசிப் பேர் வங்கிக் கணக்குக்கு இறங்கி வருவார்கள்.

அட்வான்ஸ் பத்தாயிரம் போதும். ஆர்.சி.யில் உள்ள பெயரின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், மச்சான் கணக்கு, மகன் ஜி-பே எதுவும் வேண்டாம். வண்டி நம்பர், பேசிய விலை, கெடு தேதி, பத்திரத்தில் குறை இருந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்பது, இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடம் "சரி" வாங்குங்கள்.

பைனான்ஸ் பாக்கியை ஓனர் கையில் கொடுத்து "கட்டிடுங்க" என்று விடாதீர்கள். முன்கூட்டியே முடிக்கும் தொகை எவ்வளவு, எந்தத் தேதிவரை செல்லும் என்று பைனான்ஸ் நிறுவனத்திடம் அவரைக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையை நேரடியாக லோன் கணக்கில் கட்டுங்கள். அதற்கு முன் அவர் கையெழுத்தோடு விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பைனான்ஸ் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும், கடன் முடிந்தது என்று தெரிவிக்கும் ஃபார்ம் 35-ம் வர வேண்டும். இவை இல்லாமல் ஹெச்.பி. நீங்காது. மீதிப் பணத்தின் பெரும்பகுதி இவை கைக்கு வந்த பிறகுதான்.

அந்த நாளில் ஆர்.டி.ஜி.எஸ். (பெரிய தொகைக்கான வங்கிப் பரிமாற்றம்) போடுங்கள், 2 லட்சத்திலிருந்து போகும், எந்த நேரமும் போகும். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் பல வங்கிகள் வரம்பு வைத்திருப்பதால், கணக்கை முந்தின நாளே சேர்த்து, திரையில் காட்டும் பெயர் ஆர்.சி. பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அனுப்பும் முன், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆர்.சி.யோடு இணைந்த மொபைல் எண் அவரிடம் உயிரோடு இருக்கிறதா என்று சோதியுங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குப் போய், அது பழைய எண்ணாக இருந்தால் வேலை அங்கேயே படுத்துவிடும்.

20,000 அல்லது 25,000-ஐ நிறுத்தி வையுங்கள், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த அன்று தருவதாக எழுதிக்கொடுத்து. விலையில் இன்னொரு ஐயாயிரம் குறைப்பதற்கு மல்லுக்கட்டுவதை விட இதற்கு மல்லுக்கட்டலாம். ஓனர் முரண்டு பிடித்தால் விலையில் இரண்டாயிரம் விட்டுக்கொடுத்தாவது இதை வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கு நீங்கள் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, எனவே அவருக்கும் இதில் அவசரம் உண்டு. இதை நினைவூட்டினால் நிறுத்தி வைக்கும் தொகைக்குச் சம்மதிப்பது எளிதாகும்.

சாவியை வாங்கும்போது டெலிவரி லெட்டரில் தேதியோடு மணியும் இருக்க வேண்டும். காலை 11 மணி என்று எழுதியிருந்தால், அதற்கு முன் விழுந்த செலான் அவருடையது, பின் விழுந்தது உங்களுடையது. இரண்டாவது சாவியைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். அவருடைய ஃபாஸ்டேகை அவரே மூட வேண்டும், அது மூடாமல் உங்களுக்குப் புதிது கிடைக்காது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு வராது, விற்றவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விலைச் சீட்டில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.