ஃபேட்டி லிவர் முதல் பித்தப்பைக் கல் வரை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபேட்டி லிவர் பற்றியவைதான், அதனால் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கிரேடு 1 ஃபேட்டி லிவர் என்று வந்தது. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. நார்மல். அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது, ஆனால் பயப்படவும் வேண்டாம். ஸ்கேனில் எழுதும் கிரேடு, கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதற்கான தோராயக் கணக்கு. நமக்குத் தெரிய வேண்டியதோ அங்கே தழும்பு விழ ஆரம்பித்துவிட்டதா என்பது. நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பின்னாளில் யாருக்குச் சிக்கல் வரும் என்பதை மற்ற எதையும்விடத் தெளிவாகக் காட்டியது ஃபைப்ரோசிஸ் எனப்படும் இந்தத் தழும்புதான். எஸ்.ஜி.பி.டி. அதைச் சொல்லாது. தழும்பு முற்றிய நிலையான சிரோசிஸ் வரை போனவர்களுக்கும் அது நார்மலாக இருப்பதுண்டு.

கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனையை வைத்தே ஃபிப்-4 என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயதை, அதே பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. எண்ணால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து (1,60,000 என்றால் 160), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்தால் போதும். உதாரணத்துக்கு வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1,60,000 என்று வையுங்கள். லேப் தாளில் இதில் எதுவும் பெரிதாகக் கண்ணில் படாது. கணக்குப் போட்டால் 2.6 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-ஐத் தாண்டினால் அதிகம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் 1.3-க்குப் பதிலாக 2.0 என்று வைத்துக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் உள்ளவர் இரண்டுக்கும் நடுவில், மேல் எல்லையை ஒட்டி நிற்கிறார், அதனால் அடுத்து கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ‘கிரேடு 1 தானே’ என்று இவரைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஃபேட்டி லிவருக்குப் புது மாத்திரை வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைட் ஊசிக்கும் கொடுத்தது. ஆனால் இரண்டுமே வெறும் கொழுப்பு படிந்தவர்களுக்கானவை இல்லை, சிரோசிஸ் வந்தவர்களுக்கும் இல்லை. கல்லீரலில் அழற்சியும் நடுத்தர அல்லது அதிகமான தழும்பும் உள்ளவர்களுக்கு, அதாவது எஃப்2, எஃப்3 என்று குறிக்கிறார்களே, அவர்களுக்குத்தான்.

எண்களைப் பார்ப்போம். ரெஸ்மெட்டிரோம் ஆய்வில் 966 பேர். தொடக்கத்திலும் 52 வாரம் கழித்தும் பயாப்சி, அதாவது கல்லீரல் திசுத் துணுக்கு, எடுத்தார்கள். 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 25.9 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு நிலையாவது குறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 14.2 சதவீதம் பேருக்குக் குறைந்தது! ஆய்வில் சேர்ந்ததும் சாப்பாட்டிலும் நடையிலும் ஒரு கவனம் வந்துவிடுகிறது, போதாததற்கு பயாப்சியில் எடுப்பது நூல் போன்ற ஒரு துணுக்குதான் என்பதால் எந்த இடத்தில் குத்தினார்கள் என்பதைப் பொறுத்தும் முடிவு கொஞ்சம் மாறும். ஆகவே மருந்தின் சொந்தப் பங்கு என்று பார்த்தால் 100 பேரில் 12 பேர் மாதிரி. இது சின்ன விஷயமில்லை, இத்தனை வருடம் கையில் ஒரு மருந்தும் இல்லாத நோய் இது. ஆனால் ‘கல்லீரல் சரியாகிவிடும்’ என்று விளம்பரம் செய்வதற்கு நியாயமும் இல்லை.

செமாக்ளூடைடில் 800 பேரை 72 வாரம் பார்த்தபோது தழும்பு குறைந்தவர்கள் 36.8 சதவீதம், போலி ஊசியில் 22.4. உடனே ‘36 பெரிதா 25 பெரிதா’ என்று ஒப்பிடக் கூடாது, போலி மருந்துக் குழுவின் எண்ணே இரண்டு ஆய்விலும் வேறு வேறாக இருக்கிறது பாருங்கள். தவிர, இரண்டு ஒப்புதலுமே பயாப்சி முடிவை நம்பி முன்கூட்டிக் கொடுத்தவை. சிரோசிஸையும் உயிரிழப்பையும் இவை தடுக்கின்றனவா என்பதற்கான ஆய்வு இன்னும் முடியவில்லை.

அப்புறம் எடைக் குறைப்பு. உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பே குறைந்ததை 2015-இல் வந்த பயாப்சி ஆய்வு ஒன்று காட்டியது. மருந்து தொடங்கினாலும் இதை விட முடியாது.

பித்தப்பையில் 12 மி.மீ. கல். வலியே இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வலி தராத கல் இருப்பவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 1 முதல் 4 பேருக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது, நிறையப் பேர் கடைசிவரை எதுவுமே தெரியாமல் இருக்கிறார்கள். விதிவிலக்கு உண்டு: 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், பித்தப்பைச் சுவரில் கால்சியம் படிவது, கல்லோடு கூடவே பாலிப் எனும் சதை வளர்ச்சி. இவற்றில் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பதால் தனியாகப் பேச வேண்டும். காய்ச்சலோடு வலது மேல்வயிற்று வலியோ, கண் மஞ்சளாவதோ இருந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கல்லை மாத்திரையில் கரைக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். உர்சோடீஆக்சிகோலிக் அமிலம் சின்னக் கொலஸ்ட்ரால் கற்களைக் கரைக்கும், ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், கரைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 ஆண்டுக்குள் திரும்ப வந்துவிடும். அது நன்றாகப் பயன்படுவது வேறு இடத்தில்: மிக வேகமாக எடை குறைத்தால் பித்தப்பையில் புதிதாகக் கல் உருவாகும், அதைத் தடுக்க. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தேன். பச்சைப் பச்சையாகக் கற்கள் வெளியே வந்தன. குணமாகிவிட்டதா?

இல்லை. அவை கற்களே இல்லை. இதே மாதிரி குடித்த ஒரு பெண்ணிடமிருந்து வந்த ‘கற்களை’ ஆராய்ந்து 2005-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 40 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்ததும் பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. உள்ளே கொலஸ்ட்ரால் இல்லை, பித்த நிறமியான பிலிருபின் இல்லை, கால்சியமும் இல்லை. குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்புக் கட்டியாகத் திரண்டு வந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் நிஜக் கற்களைப் பிறகு ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கல்லீரலுக்கு நல்லது என்று மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிடலாமா?

வேண்டாம். சமையலில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. உடம்பில் நன்றாக ஏற வேண்டும் என்று மிளகின் பைப்பரினைச் சேர்த்த கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதித்தவர்களை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. கிரீன் டீ சாறு கேப்ஸ்யூலுக்கும் இதே கதைதான். சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ, அரிப்பு வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.

காபி?

சர்க்கரை அதிகம் போடாமல் குடியுங்கள். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்கின்றன. ஆனால் அவையெல்லாம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள், மருந்து போலக் கொடுத்துச் சோதித்தவை இல்லை.

அம்மாவுக்கு 68 வயது, ஹெபடைடிஸ் சி. இந்த வயதில் சிகிச்சை தேவையா?

தேவை, தயங்கவே வேண்டாம். பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலம் போய்விட்டது. இப்போது 8 அல்லது 12 வாரம் மாத்திரை, 95 சதவீதத்துக்கு மேல் வைரஸ் அடியோடு போய்விடுகிறது. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சி போகும்போது பி தலைதூக்கலாம். ஏற்கெனவே சிரோசிஸ் இருந்தால், வைரஸ் போன பிறகும் 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி-க்குப் பல வருடமாக டெனோஃபோவிர். ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று வருகிறது. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வைரஸ் தன் மூலப்பிரதியைக் கல்லீரல் செல்லின் கருவுக்குள் வைத்திருக்கிறது. மாத்திரை புதுப் பிரதி எடுப்பதைத்தான் தடுக்கிறது, மூலத்தைத் தொடுவதில்லை. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் பொங்கி எழுந்து கல்லீரலே செயலிழந்துபோன சம்பவங்கள் உண்டு. மூலத்தின் வாயை அடைக்கும் மருந்துகளுக்கான தேடல் நடக்கிறது. பெபிரோவிர்சென் என்ற ஊசியை 24 வாரம் போட்ட ஆய்வில், அதிகபட்ச அளவு கொடுத்த குழுவில் 10 பேரில் ஒருவருக்கு, ஊசி முடிந்து 6 மாதம் ஆன பிறகும் வைரஸின் மேலுறைப் புரதமான எச்.பி.எஸ். ஆன்டிஜென் ரத்தத்தில் இல்லாமலே இருந்தது. அந்த ஆன்டிஜென் மறைவதுதான் மாத்திரையை நிறுத்துவது பற்றி யோசிக்க வைக்கும் முதல் அறிகுறி. அதன் அளவை எண்ணாகக் காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அடுத்த முறை போகும்போது உங்கள் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.