பத்துக் கணினிக்கு ஒரு சுவிட்ச் போதுமா?

களுவாஞ்சிக்குடியில் ஒரு டியூட்டரி. பத்துக் கணினிகள், ஒரு பிரிண்டர். இணையம் தரும் ரவுட்டரில் இருப்பதோ வயர் செருக நான்கு துளைகள். பல கணினிகளை வயரால் ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி ஒன்று வாங்கிப் பூட்டினால் எல்லாவற்றுக்கும் இணையம் கிடைக்குமா, வேகம் குறையுமா, அந்தப் பெட்டி உள்ளே என்னதான் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். சுவிட்ச் இணையத்தைக் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. வெளியிலிருந்து வரும் இணைப்பு 20 மெகாபிட் என்றால் அதைத்தான் பத்துப் பேரும் பங்குபோட வேண்டும். ஆனால் ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குக் கோப்பு அனுப்புவது வேறு கணக்கு. அது ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. 4 ஜிகாபைட் பாடக் காணொளி ஒன்றை 100 மெகாபிட் சுவிட்சில் அனுப்ப ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். ஜிகாபிட் சுவிட்சில், கணினியின் வட்டு ஈடுகொடுத்தால், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால் ஜிகாபிட்டே வாங்குங்கள்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு டியூட்டரியின் கணினி அறையைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அங்கே பிள்ளைகள் கேட்டால் வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பாலத்தைக் காட்டுவேன். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு வாகனம் போகும் அகலம்தான். அக்கரையிலிருந்து பஸ் வந்தால் இக்கரையில் நிற்க வேண்டும். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கும்வரை பட்டணத்துக்கு அப்படித்தான் போய்வந்தோம். சுவிட்சுக்கு முன்பு புழங்கிய ஹப் என்ற பெட்டி அந்தப் பழைய பாலம்தான். ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் பேசலாம். இரண்டு சேர்ந்து பேசினால் மோதல், பிறகு இரண்டும் ஒதுங்கி நின்று மறுபடி முயல வேண்டும். போதாக்குறைக்கு ஒருவர் பேசியது எல்லாருக்கும் கேட்கும். சுவிட்சில் ஒவ்வொரு துளைக்கும் தனிப்பாதை, அதிலும் போக ஒன்று, வர ஒன்று.

யாருக்கு எந்தப் பாதை என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று உண்டு. கணினி எதை அனுப்பினாலும் அனுப்பியவர் முகவரியைச் சுவிட்ச் பார்த்து, ‘இவர் ஐந்தாம் துளையில் இருக்கிறார்’ என்று குறித்துக்கொள்கிறது. பெறுநர் எங்கே என்று தெரியாவிட்டால், வந்த துளையை விட்டு மற்ற எல்லாத் துளைகளுக்கும் அனுப்பிவிடுகிறது. உரியவர் பதில் சொன்னதும் அவருடைய இடமும் பிடிபட்டுவிடும். மின்சாரம் போனால் இந்தக் குறிப்பெல்லாம் அழிந்துவிடும். வந்தவுடன் சில நொடிகளில் மறுபடி கற்றுக்கொள்ளும். அதன் அறிவு அவ்வளவுதான். இணையத்தில் பேசக் கணினிக்கு வேண்டிய ஐபி முகவரி என்ற இலக்கத்தைக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. ஆகவே சுவிட்சில் நீங்கள் அமைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

(இன்னொரு செய்தி: இப்படி வயரால் கணினிகளை இணைக்கும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1990 அளவில் முதன்முதலாக ஈதர்நெட் சுவிட்சை விற்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதை நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரை வைத்தார். 1994இல் வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.)

உங்களுக்கு 16 துளைச் சுவிட்ச் ஒன்று வேண்டும். பத்துக் கணினி, ஒரு பிரிண்டர், ரவுட்டருக்கு ஒன்று, ஆக 12. எட்டுத் துளைப் பெட்டிகள் இரண்டைத் தொடுத்தும் சமாளிக்கலாம். ஆனால் தொடுப்பதற்கே இரண்டு துளைகள் போய்விடும். ரவுட்டரின் உள்வலைத் (LAN) துளையிலிருந்து சுவிட்சின் ஏதாவது ஒரு துளைக்கு ஒரு வயர், மற்றத் துளைகளிலிருந்து கணினிகளுக்கு. வேலை முடிந்தது.

பணத்தைச் சுவிட்சில் மிச்சம்பிடித்தாலும் வயரில் மிச்சம்பிடிக்காதீர்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயரும் சந்தையில் கிடைக்கிறது. விலை குறைவு, வளைத்தால் முறிந்துவிடும். முழுச் செம்பில் கேட் 5இ அல்லது கேட் 6 தர வயர் என்று கேட்டு வாங்குங்கள். சுவிட்சிலிருந்து கணினிவரை 100 மீட்டருக்குள் இருந்தால் போதும். வயர் முனையில் துளைக்குள் செருகும் தலையைப் பூட்டும்போது வெளியுறையைச் சீவினால் முறுக்கிய நான்கு சோடிகள் இருக்கும். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம் என்று இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் வையுங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டு நுனிகளும் தலையின் கண்ணாடி முகப்பில் முட்டி நிற்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் இடுக்கியை அழுத்த வேண்டும்.

எங்கள் அறையில் ஏழாம் கணினி மட்டும் 100 மெகாபிட்டைத் தாண்டாமல் மாதக்கணக்கில் கிடந்தது. கணினியைத்தான் குறை சொன்னோம். கடைசியில் பார்த்தால் கபில நுனி ஒன்று ஒரு மயிரிழை பின்னால் நின்றிருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அதனால் இணைப்பு அறுந்துபோகாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்றும் நடந்தது. ஒரு மாலை, உயர்தர வகுப்பின் செய்முறை நேரம். ஒரு கணினியிலும் எதுவும் திறக்கவில்லை. சுவிட்சைப் பார்த்தால் அத்தனை விளக்கும் ஒரே தாளத்தில் பேய்பிடித்ததுபோல மின்னுகின்றன. ரவுட்டரை நிறுத்திப் போட்டேன், சுவிட்சை நிறுத்திப் போட்டேன், பலனில்லை. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியபோதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “சேர், மேசைக்கு அடியில் ஒரு வயர் சும்மா தொங்கியது. நான்தான் சுவிட்சில் கொழுவிவிட்டேன்.” அதன் மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருந்தது.

எல்லாருக்குமான செய்தி ஒன்று ஒரு துளையால் வெளியேறி மறுதுளையால் உள்ளே வரும். வந்ததைச் சுவிட்ச் திரும்பவும் எல்லாருக்கும் அனுப்பும். ஈதர்நெட் செய்திக்கு இத்தனை தடவைக்கு மேல் சுற்றக்கூடாது என்ற ஆயுள் எண்ணிக்கை கிடையாது, அதனால் யாராவது வயரைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தானே கண்டுபிடித்து அடைக்கும் முறையை 1985இலேயே ரேடியா பெர்ல்மன் என்ற பொறியியலாளர் வகுத்துவிட்டார். ஆனால் நாம் வாங்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. எனவே தொங்கும் வயரை விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே இலக்கத்தை ஒட்டுங்கள்.

பக்கத்துக் கட்டடத்துக்கும் இணைப்பு வேண்டுமென்றால் வெளியே செம்பு வயர் இழுக்காதீர்கள். ஐப்பசி இடிமின்னலில் எங்களுக்கு மூன்று துளைகள் ஒரே இரவில் செத்தன. அந்த இடத்துக்கு ஒளியிழைதான் (ஃபைபர்) சரி.

வயர் வாங்கப் போகுமுன் அறையை அளக்கும்போது சுவரோடு ஏறி இறங்கும் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அதை மறந்து, கடைசிக் கணினிக்கு இரண்டு முழம் போதாமல், மேசையை இழுத்து வைத்தேன். அந்த மேசை இன்றும் கதவைப் பாதி மறித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது.