27 வருச பாய்லர்மேன் அண்ணனுக்கு

அண்ணே, 27 வருசம் செம்பனை எண்ணெய் மில்லுல பாய்லர் பாத்துட்டு, 52 வயசுல மில்ல மூடுறோம்னு சொல்லிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கேக்கல. நீங்களா வேலைய விட்டு நிக்கிற மாதிரி கடுதாசி நீட்டுனா கையெழுத்து போட்றாதீங்க, நான் சுங்கை சிப்புட்ல அப்படித்தான் கிறுக்கி குடுத்துட்டு சொக்சோ (மலேசியா தொழிலாளர் காப்புறுதி ஆபீஸ்) கவுண்டர்ல போய் முழிச்சேன், தானா நின்னவனுக்கு இஐஎஸ் (வேலை போனவங்களுக்கான காப்புறுதி) காசு கிடையாதுலா. அந்தக் காசுக்கு வேலை போன 60 நாளுக்குள்ள மனு போடணும். சம்பளம் 4000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல இல்லன்னா, அஞ்சு வருசம் தாண்டுனவங்களுக்கு வேலை பாத்த ஒவ்வொரு வருசத்துக்கும் 20 நாள் சம்பளம் முதலாளி நட்டஈடா குடுக்கணும்னு 1980 சட்டவிதி இருக்கு, பிஸ்கட் டின்ல கெடக்குற பழைய சம்பள சிலிப்பெல்லாம் எடுத்து வைங்க. பாய்லர்மேன் சர்டிபிகேட் உங்க பேருலதான இருக்கு, மில்லு பேருல இல்லயே? மரம் காயவைக்கிற பேக்டரி, ஆஸ்பத்திரி லாண்டரி, அங்கயும் ஸ்டீம் ஓடுது, கேட்டுப் பாருங்க. ராத்திரி ஷிப்ட் மட்டும் வேணாம்ணே, என் முட்டி போனது அதுலதான்.